எட்டாந்தண்ணி

காலை மூடுபனி விலகியபோது கடல் காலியாக இருந்தது. ஓக் மிரான் கப்பல் கட்டும் தளத்து அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்று மறுபடி பார்த்தாள். தீவுகள் இருந்த இடத்தில் இருந்தன. சிப்பிப் பண்ணையின் மிதவைகள் வரிசை குலையாமல் கிடந்தன. மீன் பிடித்துத் திரும்பும் படகுகள் இரண்டு போயின. பனிக்குப் பின்னால் நங்கூரம் போட்டுக் காத்திருக்கிறது என்று நேற்று மாலையே அவள் எல்லோரிடமும் அடித்துச் சொல்லிவைத்த பார்ஜை, அந்தத் தட்டையான சரக்குப் படகை மட்டும் காணோம்.

செய்தி ஏதாவது வந்திருக்கிறதா என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

அந்தப் பார்ஜில் வர வேண்டியது கப்பலின் ஒரு துண்டு. நாலு மாடி வீட்டைப் பெயர்த்தெடுத்து வைத்த மாதிரி இருக்கும். இங்கே பிளாக் என்பார்கள். கப்பலை ஒரே இடத்தில் அடியிலிருந்து நுனிவரை கட்டுகிற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. பிளாக் பிளாக்காக வெவ்வேறு பட்டறைகளில் செய்து, கடல் வழியாக இழுத்து வந்து, டாக்கில் இறக்கி ஒட்டிவிடுவார்கள். எது எப்போது வர வேண்டும், கிரேன் எதை முதலில் தூக்க வேண்டும், எதை அதன் தலையில் வைக்க வேண்டும் என்று நாள் குறிப்பது மிரானின் வேலை. கல்யாணத்துக்கு நாள் குறிப்பவருக்குக்கூட ஒரு கல்யாணம் தள்ளிப்போனால் ஒரு கல்யாணம்தான். இங்கே ஒன்று தள்ளினால் அதன் பின்னால் நிற்கிற அத்தனையும் தள்ளும்.

மிரானிடம் ஒரு குணம். காலி இடத்தைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. திட்டப் பலகையில் கிரேனுக்கு நேரே ஒரு நாள் வெள்ளையாகக் கிடந்தால், அதில் எதையாவது செருகும்வரை சாப்பாடு இறங்காது. வீட்டிலும் அப்படித்தான். அலமாரியில் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தால் கடைக்குப் போய்விடுவாள் என்று அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இந்த வினையும் அந்தக் குணத்தில் வந்ததுதான். பக்கத்து டாக்கில் கட்டும் கப்பலின் பிளாக் ஒன்று பரிசோதனையில் தேறவில்லை. இரண்டு டாக்குக்கும் கிரேன் ஒன்றுதான். ஆக, இன்றைய நாள் கிரேனுக்குக் காலி. செய்தி வந்ததும் மிரானுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அடுத்த வாரம் தூக்க வேண்டிய தன் பிளாக்கை இன்றைக்கு இழுத்துப் போட்டாள். அதற்குப் பதிலாக, அடுத்த வாரம் தனக்கிருந்த நாளைப் பக்கத்து டாக்குக்காரர்களுக்குத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தாள். பிறகு மேற்குக் கரையில் அந்தப் பிளாக்கைச் செய்துகொண்டிருந்த யோம் கிதேக் முதலாளிக்குப் போன் போட்டாள்.

யோம் முதலாளியை அவள் நேரில் பார்த்ததில்லை. போன் குரலோடு மட்டும்தான் பழக்கம். ஆனாலும் அலுவலகத்தில் எதிர்மேசைக்காரர்களைவிட அவரிடம்தான் அவளுக்குப் பேச்சு ஓடும். அவருடைய பட்டறைக் கரையில் நினைத்த நாளில் பிளாக்கைப் பார்ஜில் ஏற்ற முடியாது. கடல் நன்றாக ஏறி, பார்ஜின் தளம் கரை மட்டத்துக்கு வர வேண்டும். அதனால் எந்த நாள் பேசினாலும் அவருக்குத் தண்ணீர்க் கணக்கு வேண்டும். மற்றவர்கள் காலண்டரைப் பார்த்து ஒரு தேதியை வீசிவிட்டுப் போய்விடுவார்கள். மிரான் இந்தத் தீவில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். ‘அது சின்னத் தண்ணி நாளாச்சே முதலாளி, பெரிய தண்ணிக்கு இன்னும் நாள் இருக்கே’ என்று அவளே முந்திக்கொண்டு கேட்பாள். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அவருக்குச் சந்தோஷம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

அன்றும் அப்படித்தான் பேச்சு போனது. வேலையை முன்னால் இழுக்க வேண்டும் என்றதும் அவர் கொஞ்சம் முனகினார். ஆட்களை ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்ல வேண்டுமே என்றார். பிறகு, “உங்களுக்காகச் செய்யறேன் மேனேஜரம்மா. எந்தத் தண்ணிக்கு ஏத்தட்டும்?” என்று கேட்டார்.

“எட்டாந்தண்ணிக்கு ஏத்திடுங்க முதலாளி.”

“எட்டாந்தண்ணி. சரி, ஆச்சு.”

அதுவரை பெரிய தண்ணி, சின்னத் தண்ணி என்பதோடு அவர்கள் பேச்சு நிற்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒரே எண் வருகிற மாதிரி, கடலோரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தண்ணி எண் உண்டு. அந்த எண் சொல்லிப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. எழுத்தில் தேதி போட்டு அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கடல் தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொண்டபின் காகிதம் எதற்கு? ‘கிளம்பிடுச்சு’ என்று அவரிடமிருந்து செய்தி ஒரு நாள் தள்ளி வந்தபோதும், செய்தி அனுப்புவதில் மனுஷன் எப்போதும் சோம்பேறி என்று நினைத்து விட்டுவிட்டாள்.

இப்போது அவருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கிற வழியைக் காணோம். அதற்குள் டாக்கிலிருந்து சூ மேஸ்திரி கூப்பிட்டார். பிளாக்கை வாங்கி இறக்கி ஒட்டுகிற கூட்டத்துக்குத் தலைவர். இந்தத் தீவுக்காரர்தான், மிரானின் அண்ணனோடு பள்ளிக்கூடம் போனவர்.

“ஏம்மா மிரான், கிரேன் கொக்கி காத்துல ஆடுது. எங்களைத் தூக்கி எங்கேயாவது வைக்கச் சொல்லட்டுமா?”

“வந்துரும் அண்ணே. கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க? சரி, காபி குடிக்கறோம். வயிறு நிறைஞ்சதும் மறுபடி கூப்பிடுவேன்.”

அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அலுவலகத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மெஷினில் காபி எடுத்தாள், எடுத்த இடத்திலேயே மறந்து வைத்தாள். யோம் முதலாளி மேல் கோபம் கோபமாக வந்தது. ஏற்கெனவே இந்தக் கப்பலில் அவர் பேரில் இரண்டு சிவப்பு இருக்கிறது. தாமதமான பிளாக்குக்குத் திட்டப் பலகையில் சிவப்பு விழும், அது யாரால் தாமதமோ அவர் பேரில் எழுதப்படும். ஒரு தடவை புயல். இன்னொரு தடவை மழை ஈரத்தில் பெயிண்ட் காயவில்லை. ஒரு கப்பலில் மூன்று சிவப்பு விழுந்த பட்டறைக்கு அடுத்த கப்பலில் வேலை கிடையாது. அந்தப் பட்டறைக்கோ வேறு வாடிக்கையே இல்லை. அத்தனையும் தெரிந்த மனுஷன் இப்படிக் கழுத்தறுக்கலாமா என்று பொருமிக்கொண்டே பார்ஜை இழுத்து வருகிற டக் படகின் கேப்டன் எண்ணைத் தேடி எடுத்தாள்.

கேப்டன் மா எடுத்தார். பின்னால் எஞ்சின் இரைச்சல். எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்ட தோரணைக்கு அவர் அசரவில்லை. சாயங்காலம் கரை சேர்ந்துவிடுவோம் என்றார், மிகச் சாதாரணமாக.

“சாயங்காலமா? நேத்தே வந்திருக்கணும் கேப்டன். அமாவாசையன்னிக்கு ஏத்தச் சொல்லியிருந்தேன்.”

“அமாவாசைக்கு மறுநாள்தானே ஏத்தினோம். எட்டாந்தண்ணிக்குன்னு சொன்னாரே முதலாளி.”

“அமாவாசைதானே எட்டாந்தண்ணி?”

எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கேப்டன் சிரித்துவிட்டார். “அடடா. மேடம், நீங்க தெக்குக் கரையா? உங்க பக்கம் அமாவாசைக்கு எட்டுன்னு எண்ணுவாங்க. அவங்க பக்கம் அது ஏழு. மறுநாள்தான் எட்டு. நான் ரெண்டு கடலும் ஓடறவன், இதுல நிறையப் பேர் வழுக்கி விழுந்து பார்த்திருக்கேன். ஆனா கப்பல் கம்பெனியே விழுந்ததை இப்பதான் பாக்கறேன்.”

போனை வைத்தபிறகு மிரான் நடக்கவில்லை. அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யோம் முதலாளி சொன்ன நாளில் சொன்னபடி ஏற்றியிருக்கிறார். பழைய திட்டப்படி பார்த்தால் பிளாக் நாலைந்து நாள் முன்னதாகவே வருகிறது. அவள் இழுத்து முன்னால் போட்டதால்தான் அது தாமதம் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஆட்களை வரவழைத்து உழைத்தவருக்கு அவள் வாங்கிக் கொடுத்தது மூன்றாவது சிவப்பு. சற்று முன் அவரைத் திட்டிய திட்டெல்லாம் தன் முகத்திலேயே வந்து விழுந்த மாதிரி இருந்தது.

உட்கார்ந்திருந்து என்ன பயன்? எழுந்து டாக்குக்கு ஓடினாள். நாளை காலை ஷிஃப்டிலிருந்து கிரேன் பக்கத்து டாக்குக்காரர்களுக்கு. அப்புறம் அவள் கைக்கு அது திரும்பி வர ஒரு வாரமாகிவிடும். ஆனால் அவர்கள் தொடங்குவதற்கு முன், விடிந்தும் விடியாமலும் ஒரு தூக்குக்கு இடமிருக்கிறது. சூ மேஸ்திரியின் ஆட்கள் சீக்கிரம் வந்தால் போதும். பிளாக்கைத் தூக்கி வைத்துவிட்டால் சிவப்பு பச்சையாகிவிடும், யார் தப்பு என்ற கேள்வியே எழாது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

சூ மேஸ்திரி முழுக்கதையையும் கேட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ஏழாமா? அமாவாசைக்கு ஏழாமா? அந்தப் பக்கத்துல கடலே பாதி சேறு, அதான் ஒண்ணு குறைச்சு எண்ணறாங்க” என்றார். பிறகு, ஆட்களை வரச்சொல்வது தன் பொறுப்பு, காலைச் சாப்பாட்டுக்குச் சூடான மாட்டெலும்பு சூப் வாங்கித் தருவது அவள் பொறுப்பு என்று பேரம் முடித்தார். அவள் திரும்பி நடக்கும்போது கூப்பிட்டு நிறுத்தினார்.

“மிரான், பிளாக்கை நான் தூக்கிருவேன். அந்தச் சிவப்பைத் தூக்கற கிரேன் என்கிட்ட இல்லை.”

அவளுக்கு அது காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தாள்.

பிரிவுத் தலைவர் பியோவின் அறைக்கு அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தாள். பியோ கெட்டவரில்லை. உள்நாட்டு மலைப்பக்கத்துக்காரர், கடலைப் பார்த்தாலே சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொள்கிற ஆள். இந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பேர் இருக்கிறது என்று போன வாரம்தான் ஜாடையாகச் சொல்லியிருந்தார். பார்ஜ் சாயங்காலம் வருகிறது, விடியலில் தூக்கிவிடலாம், கப்பலுக்கு நஷ்டமில்லை என்று அவள் கடகடவென்று ஒப்பித்ததும் அவர் முகம் தெளிந்தது.

“பிரமாதம். கிரேனைக் காப்பாத்திட்டீங்க. சிவப்பு இருக்கட்டும், அது வேற கணக்கு.”

“தூக்கிட்டா எதுக்கு சார் சிவப்பு?”

“தூக்கினது தூக்கினதுதான். தாமதம் தாமதம்தான். இப்பதான் அந்த யோம் போன் பண்ணார். நாள் எண்ணினதுல எங்க பக்கம் தப்பு ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டார். அவரே ஒத்துக்கிட்டார், உங்களுக்கும் வேலை மிச்சம்.”

மிரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேப்டன் மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். யாருடைய எட்டு, எந்த எட்டு என்று முழுக்கத் தெரிந்தபிறகுதான் அவர் பியோவுக்குப் போன் செய்து பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. “சரி சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மத்தியானச் சாப்பாடு உள்ளே போகவில்லை. சோற்றைக் கிளறிக்கொண்டு தனக்குத் தானே நியாயம் பேசினாள். அவராகத்தானே ஏற்றுக்கொண்டார், நான் கேட்கவில்லையே. பியோ நல்லவர், அடுத்த கப்பலுக்கு அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நைசாகப் பேசிப் பார்க்கலாமே. இந்த உயர்வை விட்டால் அடுத்தது எப்போது? ஒவ்வொரு நியாயமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்த நியாயத்தைச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் ‘உங்களுக்காகச் செய்யறேன் மேனேஜரம்மா’ என்ற குரல் வந்து நின்றது. முட்டைக்கோஸ் கிம்ச்சியை ஓரமாக ஒதுக்கினாள். தட்டை அப்படியே கொண்டுபோய் வைத்தாள்.

மாலைக் கூட்டத்தில் எல்லாப் பிரிவுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை. அதில் வரிசை வரிசையாகப் பட்டைகள். பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்த வரிசையில் அவளுடைய பட்டை ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. பியோ அதை விரலால் காட்டி, பட்டறைத் தாமதம், பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார், அடுத்தது, என்று நகரப் போனார்.

“சார், அதை மாத்தணும்.”

எழுந்து நின்றபிறகுதான் தான் எழுந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பட்டறை மேல தப்பில்லை. நான் அவருக்குத் தேதியே சொல்லல. போன்ல எட்டாந்தண்ணின்னு சொன்னேன், எங்க ஊர்க் கணக்குல. அவங்க ஊர்க் கணக்குல எட்டு மறுநாள். அவர் எட்டுக்குத்தான் ஏத்தியிருக்கார்.”

பெயிண்ட் பிரிவிலிருந்து மேற்குக் கரைக்காரர் ஒருவர், அமாவாசைக்கு ஏழுதானே, எட்டுன்னு எவன் சொன்னான் என்று முணுமுணுத்தார். சூ மேஸ்திரி அங்கிருந்தே, உங்க சேத்துக்கு வேணா ஏழா இருக்கும் என்றார். பைப் பிரிவுக்காரர் எட்டு என்றார், பின்வரிசையில் ஒருவர் ஏழு என்றார். கப்பலை மறந்துவிட்டுப் பாதிக் கூட்டம் மீதிக் கூட்டத்தோடு மல்லுக்கு நின்றது. பியோ இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே நிலா, ஒரே கடல். அதுக்கு ரெண்டு கணக்கு. இத்தனை நாள் நீங்கெல்லாம் எப்படிக் கப்பல் கட்டினீங்க?”

சிரிப்பு எழுந்து அடங்கியது. பியோ சிரிக்கவில்லை. பட்டையின் மேல் சொடுக்கி, யோம் என்ற பேரை அழித்து, திட்டப் பிரிவு, ஓக் மிரான் என்று ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார். திரையில் அவள் பேர் எல்லோருக்கும் தெரியும்படி ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

கூட்டம் கலைந்தபின் அவளை நிறுத்தினார். “இந்தச் சிவப்பு என் பிரிவுக்கு விழுந்ததுன்னு தெரியுதா?”

“தெரியுது சார்.”

“பட்டியல்லேர்ந்து உங்க பேரை நான் எடுத்தாகணும். அதுவும் தெரியுதா?”

“தெரியுது.”

“இனிமே போன்ல நாள் சொல்லக் கூடாது. எழுத்துல தேதி. தண்ணி, நிலா, நட்சத்திரம் எதுவும் வேண்டாம்.”

அவள் தலையாட்டினாள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மாடிப்படி இறங்கும்போது கண் கலங்கி ஒரு படி தவறப் பார்த்தாள். ஆனால் காலையிலிருந்து நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஓட்டம் நின்றுவிட்டிருந்தது. பசி எடுத்தது.

வெயில் சாய்ந்தபோது பார்ஜ் தீவைச் சுற்றி வந்தது. சாம்பல் நிறப் பிளாக் அதன்மேல் ஒரு ஊரே குந்தியிருப்பது போல உட்கார்ந்திருந்தது. கரையில் குட்டையாக ஒருவர் துணியில் கட்டிய பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். காலரெல்லாம் வியர்வை. அவளைப் பார்த்ததும் இடுப்பு வரை குனிந்தார். குரலை வைத்து யோம் முதலாளியை நெட்டையாக நினைத்திருந்தாள் மிரான். பதறிப்போய் அவளும் குனிந்தாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குனிந்துகொண்டிருப்பதைக் கிரேன் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

போனை எடுக்காததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். காலையிலிருந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தாராம், வழியில் ஒரு ஓரமாக நிறுத்தியபோது கேப்டனின் செய்தியைப் பார்த்து, பியோவுக்கு மட்டும் பேசினாராம். வாசலில் சூ மேஸ்திரியின் ஆட்கள் கூட்டத்தில் நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. முகம் இறுகியிருந்தது.

“ஏன் மேனேஜரம்மா சொன்னீங்க? நான்தான் ஏத்துக்கிட்டேனே.”

“நீங்க ஏன் முதலாளி ஏத்துக்கிட்டீங்க? மூணாவது சிவப்பாச்சே. பட்டறையையே மூடணுமே.”

“பெரிய கம்பெனி தப்புன்னு சொல்லிப் பொழைச்ச பட்டறையைக் காட்டுங்க. அழுது கால்ல விழுந்தாலாவது மனசு இரங்குவாங்கன்னு பார்த்தேன்.” அவர் பெட்டியை மாற்றிப் பிடித்தார். “அப்புறம், நீங்க போயிட்டா உங்க இடத்துக்கு வர்றவன் என் கரையில தண்ணி இருக்கான்னு கேப்பானா? தேதியைச் சொல்லிட்டு வச்சிருவான்.”

அவர் பெட்டியை நீட்டினார். சோயாவில் ஊறவைத்த நண்டு, அவர் மனைவி கைப்பட ஊறவைத்தது. வெளியாட்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது கம்பெனி விதி என்று அவள் கூச்சத்தோடு சொன்னாள். அந்த விதி தன் காதுக்கு எட்டியதே இல்லை என்று சொல்லி சூ மேஸ்திரி பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

பார்ஜின் கயிறு கரைக்கு வந்து விழுந்தது. ஆட்கள் ஓடினார்கள். யோம் முதலாளி பிளாக்கை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அடுத்ததை எப்ப ஏத்தணும்?”

மிரான் வாயைத் திறந்தாள். எட்டு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

“ஜூலை பத்தாந் தேதி முதலாளி. எழுத்துலயும் அனுப்பறேன்.”

“பத்தாந் தேதி” என்று அவர் திருப்பிச் சொன்னார். சொன்னவர் அத்தோடு விடவில்லை. பௌர்ணமியன்னிக்கா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். அவளையும் அறியாமல் அவள் கையும் எண்ணியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, எண்ணி நிறுத்திய கணுவை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். அவர் கையில் ஏழு. அவள் கையில் எட்டு.

“தண்ணி இருக்கும்” என்றார் யோம் முதலாளி.